மலைக்கு எழுதிய பங்கு

அன்றைக்கு அந்த மாட்டுங்கா மெஸ்ஸின் பின்கட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: மெஸ் முதலாளி. பல்லைப் பறிகொடுத்த ரயில்வே கணக்கதிகாரி. அவருடைய மாப்பிள்ளை, காலேஜில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்துகிறவர். செம்பூர்ப் பக்கம் மலையை உடைக்கிற இடத்திலிருந்து வந்த கல்கொத்துகிறவர். எனக்கு மாவாட்டிக் கொடுத்த அக்கா. நான். ஆக ஆறு பேர். இவர்களோடு ஓர் ஆட்டுக்கல்லும், காகிதத்தில் மடித்த பல் ஒன்றும். பல்லையெல்லாம் வந்தவர்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார் முதலாளி. முதல் சாட்சியே அதுதான், சேர்த்தாக வேண்டும் என்றார் கணக்கதிகாரி.

இது அறுபதுகளின் நடுவில், ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில். நான் தாராவியில் இட்லி மாவு வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். வியாபாரம் என்பது பெரிய வார்த்தை. ஓர் ஆட்டுக்கல், இரண்டு டின், ஒரு வாடகை சைக்கிள், அவ்வளவுதான். அதற்கு முன் ஒரு தோல் பட்டறையில் இருந்தேன். நாற்றம் பிடித்த வேலை என்றாலும் சனிக்கிழமை தவறாமல் கூலி வரும். தினம் இரண்டு டின் மாவு எடுத்துக்கொள்கிறேன் என்று மெஸ் முதலாளி வாயால் சொன்னதை நம்பி அதை விட்டேன். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அந்த இரண்டு டின்னில்தான் என் வீட்டு அடுப்பும் அக்கா வீட்டு அடுப்பும் எரிந்தன. அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருந்தவர், எங்கள் ஜில்லாக்காரர், கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். கல்லைச் சுற்றுவது அவர் வேலை. அரிசி வாங்குவது, டின் சுமப்பது, கவலைப்படுவது மூன்றும் என் வேலை. மூன்றாவதில் நான் ஒரு நாள் கூட லீவு எடுத்ததில்லை.

ஆட்டுக்கல் வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து கல்லை ரயிலில் போட்டுக் கொண்டுவந்தால் கல் விலையைவிட ரயில் கூலி கூட. அதனால் செம்பூருக்குப் போனேன். மலையை வெடி வைத்துச் சரித்து, ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஓரமாக ஒருவர் அம்மியும் ஆட்டுக்கல்லும் செதுக்கி வைத்திருந்தார். எல்லாம் ஒரே கறுப்பு. அவர் ஒரு கல்லைத் தட்டிக் காட்டினார். மணி மாதிரி சத்தம் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் கல் வாங்கப் போனால் உடம்பில் வெள்ளை ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளை ஓடினால் கல் கெட்டி, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். இங்கே வெறும் கறுப்பாக, மொட்டையாக இருந்தால் எப்படி நம்புவது? தேடினேன். மூலையில் ஒன்று கிடந்தது. கறுப்பில் வெள்ளை வெள்ளையாக, எள்ளும் அரிசியும் கலந்து இறைத்த மாதிரி புள்ளிகள். சில புள்ளி வெயிலில் மின்னியது. அதுதான் வேண்டும் என்றேன். கல்கொத்துகிறவர் ஏதோ சொல்ல வந்தார். விலை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்து நான் காது கொடுக்கவில்லை.

புதுக் கல்லை அப்படியே பயன்படுத்த முடியாது. தவிட்டைப் போட்டு மூன்று நாள் ஆட்டினோம், பிறகு நொய்யைப் போட்டு இரண்டு நாள். கல் மண் ஏதும் வரவில்லை. ஆறேழு மாதம் மாவு பூப்போல வந்தது. பிறகு கல் வழுவழுத்துப் போனது. கல்கொத்துகிறவரைக் கூட்டிவந்து உளியால் கொத்தினோம். அதற்கு மூன்றாம் நாள் காலை, மெஸ்ஸில் மூன்றாவது இட்லியைக் கடித்த கணக்கதிகாரி, சாம்பாரை விட்டு எழுந்துவிட்டார்.

அவர் சாதாரண ஆள் இல்லை. மாதச் சீட்டு வாங்கிச் சாப்பிடுகிற பதினொரு பேர் அவர் ஆபீஸ்காரர்கள். அவர் எழுந்தால் பதினொரு இலை எழும். முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கல்லோட வந்து சேரும். அவர் மனசு ஆறித்துன்னா சரி. ஆறலேன்னா திங்கட்கிழமைலேர்ந்து உம்ம மாவு வேண்டாம்."

கல்லைக் கைவண்டியில் ஏற்றினோம். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் ஆட்டுக்கல் முன்னால் சாமி மாதிரி போக, நானும் அக்காவும் பின்னால் நடந்தோம். வழியில் ஒருவன் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டான்.

"பல்லாண்டவர் கோயிலுக்கு," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏந்தம்பி இப்படி வேர்க்கிற? தூக்குலயா போடப் போறாங்க?"

வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. அது அக்காவுக்கும் தெரியும். கொத்திய கல்லையும் தவிடு போட்டு இரண்டு மூன்று தடவை ஆட்டிக் கழுவ வேண்டும். அக்கா முதல் தடவை ஆட்டி முடித்ததும், "இன்னொரு ஈடு போடுவோம், கல்லுப்பொடி வருது," என்றார். நான்தான், மெஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஒரு நாள் மாவு நின்றால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள் என்று அரிசியைப் போடச் சொன்னேன். நடந்து முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு இங்கேதான் முதல் தடவையாக இதை எழுதுகிறேன்.

பின்கட்டில் கணக்கதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்பல் இருந்த இடம் வழியாகக் காற்று வந்ததால் எல்லாரையும் முறைத்தே பேசினார். "இந்தப் பல்லு முப்பது வருஷம் ரயில்வேக்கு சர்வீஸ் பண்ணியிருக்கு. உம்ம இட்லி ஒரே நாள்ல ரிடையர் பண்ணிடுத்து."

முதலாளி என்னைக் காட்டினார். "மாவு இவர்து."

நான் அரிசியைக் காட்டினேன். "ரேஷன் அரிசிய்யா. அதுல கல்லு இருக்கத்தான் செய்யும்."

"அதானே!" என்றார் கல்கொத்துகிறவர், தப்பித்த சந்தோஷத்தில். எங்கள் பெண்களிடம் அம்மி விற்றே தமிழ் கற்றவர் அவர். "ரேஷன் சாவல்ல பத்தர் கேரண்டி. நம்மள் கல்லு சுத்தம்."

அப்போது மாப்பிள்ளை இட்லியில் கிடைத்த துணுக்குகளை உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் வழக்குக்குத் துணையாக அவரை அழைத்து வந்திருந்தார். அது எவ்வளவு பெரிய பிசகு என்று அவருக்கே கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

"மாமா, ரொம்ப அழகா இருக்கு!"

"எது, என் பல்லா?"

"கல்லு, மாமா."

இரண்டு துணுக்கு. ஒன்று வெள்ளை, மின்னியது. மற்றது சாம்பல் நிறம், வெங்காயத்தை நறுக்கினால் தெரிகிற மாதிரி உள்ளே வளையம் வளையமாக இருந்தது. மாப்பிள்ளை கத்தி கேட்டார். வெள்ளையைக் கீறினார், கீறல் விழுந்தது. சாம்பலைக் கீறினார், கத்திதான் வழுக்கியது. மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அதன்மேல் சாம்பல் துணுக்கால் ஒரு கோடு இழுத்தார். கிரீச்.

"ஐயையோ, டம்ளர்!" என்றார் முதலாளி.

"வெள்ளை ஜியோலைட். மெதுவானது, பல்லை ஒண்ணும் பண்ணாது. இது குவார்ட்ஸ் வகை. கண்ணாடியையே கீறறது பாருங்கோ. பல்லை உடைச்சது இதுதான்."

"டம்ளர் யார் கணக்கு?" என்று முதலாளி கேட்டார்.

மாப்பிள்ளை ஆட்டுக்கல் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, குழிக்குள் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, சாம்பல் துணுக்கை அங்கே இருந்த சின்னக் குழியில் வைத்தார். பூட்டில் சாவி மாதிரி உட்கார்ந்தது. வளையத்தோடு வளையம் சேர்ந்தது. அரிசி விடுதலை ஆகிவிட்டது. ஆறேழு மாதம் என்னோடு வாழ்ந்த கல் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கல்கொத்துகிறவர் உடனே எழுந்தார். "சேட், நம்மள் மேல கேஸ் போடாதே. நான் சாதா கறுப்புக் கல்லு காட்டினேன். தட்டி ஆவாஸ் காட்டினேன். இந்த அண்ணாச்சிதான் ‘நை, புள்ளிவாலா வேணும்’ போலா, சொன்னார். நான் சொல்றேன், புள்ளி கிர் ஜாயேகா, விழும். இவர் கேக்கல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உளறினேன்: "எங்க ஊர்ல வெள்ளை இருந்தாத்தான் கெட்டிக் கல்லும்பாங்க..."

"கரெக்ட்!" என்று கத்தினார் மாப்பிள்ளை. அவர் வகுப்பில் யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை போலும். "அவர் ஊர்ல அது சரி, மாமா. அங்கே இருக்கறது வேற பாறை. பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, கோடிக்கணக்கான வருஷம் மெதுவா ஆறி இறுகினது. கல்கண்டு எப்படிப் பண்றா? பாகை அவசரப்படாம ஆற விட்டா பெரிசு பெரிசா கட்டி விழறது இல்லையா? அந்த மாதிரி. அந்த வெள்ளை பாறையோடயே பிறந்தது, அதிலேர்ந்து பிரியாது. இங்கே அப்படி இல்லே. பம்பாய் பூரா எரிமலைக் குழம்பு. ஒரு தோசை கொண்டு வாங்கோ."

முதலாளி யோசித்தார். கணக்கதிகாரி கையசைத்த பிறகு தோசை வந்தது.

"பாருங்கோ, மேலே பூரா ஓட்டை. மாவுக்குள்ளே இருக்கற ஆவி வெளியே வந்த வழி. எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டுனு ஆறறச்சே இதே மாதிரி ஓட்டை விழும். அது ஆறினப்பறம் வெந்நீர் ஊறி ஊறி அந்த ஓட்டையில எல்லாம் வெள்ளையா, சாம்பலா ஏதேதோ வந்து அடைச்சுக்கும்." சட்னியைத் தொட்டு ஓட்டைகளில் பூசினார். "சட்னி தோசையோட பிறந்ததா? இல்லே. அப்பறமா வந்து உக்காந்தது. உளியால தட்டினா விழுந்துடும். அவ்வளவுதான் விஷயம். மனுஷாள் ஊர் மாறிட்டா, கண்ணு மாறலே."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்ற நான் செய்த தவற்றுக்கு இவ்வளவு பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. மேற்கே இருக்கிற மலையெல்லாம் படிப்படியாக இருப்பது தோசை மேல் தோசை அடுக்கின மாதிரி குழம்பு மேல் குழம்பு ஓடியதால் என்றார். அதற்கு மேலும் தோசை கேட்டார். முதலாளி வாயால் சொன்னால் போதும் என்றுவிட்டார். பிறகு பூமி உண்டான கதைக்குப் போனார்.

"ஆரம்பத்துல பூமியே கிடையாது. வெறும் தூசி. சூரியனைச் சுத்திண்டிருந்தது. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி..."

"அப்பமே நல்லா கழுவியிருக்கணும்," என்றார் அக்கா.

அது எனக்கென்று சொன்னது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றைக்கு அவர் வாயை அடக்கிக்கொண்டது அந்த இரண்டாம் ஈடு தவிடு விஷயத்தில் மட்டும்தான். அதை மட்டும் சொல்லியிருந்தால் பூமி, சூரியன், தூசி எல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும், நான் மட்டும் மாட்டியிருப்பேன்.

நான் பேச்சை மாற்ற ஒரு சந்தேகம் கேட்டேன். அது உண்மையாகவே என்னை அரிக்க ஆரம்பித்திருந்தது. "சார், அந்தக் குழம்பு மறுபடியும் வருமா?"

"வராது. நின்னு ஆறு கோடி வருஷம் ஆச்சு."

"இவ்வளவு நாள் வராதது இனிமே வந்துட்டா?"

"நீங்க தாராவிதானே? உங்களுக்குப் பாறையே இல்லே. கீழே சதுப்பு நிலம், சேறு. மேலே கொட்டின குப்பை. அதுக்கும் கீழே போனாத்தான் பாறை."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஒரு மாதம் வீட்டுத் தரையில் மெதுவாகக் கால் வைத்து நடந்தேன்.

மணி நாலரை ஆகிவிட்டது. ஐந்துக்கு டிபன் கூட்டம் வரும். முதலாளி பொறுமை இழந்தார். "ஏதோ ஒரு முடிவு சொல்லுங்கோ. தப்பு யார் பேர்ல?"

மாப்பிள்ளை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "சயன்ஸ்படி பார்த்தா முதல் காரணம் மலைதான். அந்த ஓட்டையில குவார்ட்ஸை வெச்சது இவா யாரும் இல்லே."

கணக்கதிகாரி முகம் சிவந்தது. "நான் பல்லைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன், நீங்க மலைக்கு வக்கீலா வந்திருக்கேளா? ஆறு கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு நான் எந்த ஆபீஸுக்கு லெட்டர் போடறது?"

ஆனால் அவர் கணக்கதிகாரி. கோபம் தணிந்ததும் பழக்கம் மேலே வந்தது. சட்டைப் பையிலிருந்து பல் வைத்தியரின் பில்லை எடுத்தார். பல் கட்ட நாற்பத்தைந்து ரூபாய். பில்லின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டார். "காரணம் எத்தனையோ அத்தனை பங்கு. இட்லி விளம்பின மெஸ்காரர் ஒரு பங்கு. மாவு போட்டவர் ஒண்ணு. கல்லைக் கொத்தினவர் ஒண்ணு. என் மாப்பிள்ளை படிச்சவர், அவர் சொல்றதைத் தள்ள முடியாது. மலை ஒண்ணு. நாலு பங்கு, சமம். ஒப்புக்கறேளா?"

முதலாளி முனகினார். கல்கொத்துகிறவர் தன் பங்கைத் தீபாவளிக்குள் தருவதாகத் தலையாட்டினார், புள்ளி இல்லாத வேறு கல் ஒன்றையும் சும்மா தருவதாகச் சொன்னார். நான் உடனே எடுத்துக் கொடுத்தேன்.

"மலைப் பங்க யாரு தருவா?" என்று கேட்டார் அக்கா. "மலைக்காகப் பேசின மாப்பிள்ளை ஐயா குடுக்கட்டும்."

மாப்பிள்ளை பர்ஸைத் தொட்டார். மாமனார் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். "வேண்டாம்! மாப்பிள்ளை காசுல மாமனார் பல் கட்டிண்டார்னு மாட்டுங்கா பூரா சிரிக்கணுமா? வெக்கற பல்லு காலத்துக்கும் கூசும்!"

என் மனசு கேட்கவில்லை. அந்தப் பங்கு யாருடையது என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். "நானே ரெண்டு பங்கா தந்துடறேன்யா," என்றேன்.

கணக்கதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன்? உம்ம பங்கு இல்லாததை நீர் ஏன் குடுக்கணும்? ஏதாவது மறைக்கிறீரா?"

"இல்லை," என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

"அப்போ வாங்கக் கூடாது. ஒருத்தர் பாக்கியை இன்னொருத்தர் பேர்ல வரவு வெச்சா ஆடிட்ல நிக்காது." என் பெயர் இருந்த வரியைத் தாண்டி, நாலாவது வரியில் மலை என்று எழுதி, எதிரே பாக்கி என்று போட்டார். மனசு ஆறிவிட்டதா என்று முதலாளி கேட்டார். "முக்கால் பாகம் ஆறித்து," என்றார் கணக்கதிகாரி.

முதலாளி என்னிடம் திரும்பினார். "அப்போ கணக்கு மூடற வரைக்கும் உம்ம மாவு டெம்பரரி. கணக்கு தீரட்டும், பெர்மனென்ட் பண்ணிடறேன்."

திங்கட்கிழமை மாவு போனது. அதற்குப் பிறகும் போனது. ஒவ்வொரு மாதமும் ஒண்ணாந்தேதி நான் கேட்பேன், பாக்கி வந்ததா என்று முதலாளி கேட்பார். ஒரு தடவை அந்தப் பணத்தை அக்காவிடம் கொடுத்து, செம்பூரிலிருந்து கொடுத்தனுப்பினார்கள் என்று சொல்லச் சொன்னேன். கணக்கதிகாரி, கொடுத்தவர் கையெழுத்தோடு சீட்டு இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பழைய கல்லை மாப்பிள்ளை காலேஜுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். பீரோவில் வைத்து, கீழே பெயர் எழுதி ஒட்டியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பதற்கு ஆள் இருப்பதாகவும் சொன்னார். கல்லுக்கு ஒரே நாளில் பெர்மனென்ட் ஆகிவிட்டது.

கணக்கதிகாரி ரிடையர் ஆகிப் பாண்டுப்பில் இருந்த மகன் வீட்டுக்குப் போகும்போது அந்த பில்லை மெஸ்ஸில் ஒப்படைத்துவிட்டுப் போனார். முதலாளி அதைக் கல்லாப் பக்கத்துக் கம்பியில் குத்தி வைத்தார். மெஸ் கை மாறியபோது, கடையோடு பாக்கிகளையும் வாங்கிக்கொண்ட புது முதலாளி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எனக்கு அதே பதிலைச் சொன்னார். பதினாலு வருடம் அங்கே மாவு போட்டேன். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த மாவில்தான் வளர்ந்து ஆளானார்கள். ஒரு நாள்கூட நான் பெர்மனென்ட் ஆகவில்லை, ஒரு நாள்கூட உண்மையைச் சொல்லவும் இல்லை. கடைசியாகப் பார்த்தபோது மற்ற மூன்று வரியிலும் பென்சில் கோடு அடித்திருந்தது. நாலாவது வரி அடிக்காமல் இருந்தது: மலை, பாக்கி, ரூபாய் பதினொன்று, பைசா இருபத்தைந்து.